24 டிகிரியில் யாருக்குக் குளிருதாம்?

மஞ்சக்குப்பத்தான்: 'ஏசியை 24-இல் வைத்தால் எல்லாருக்கும் சரியாக இருக்கும், குளிருது என்பதெல்லாம் மனப்பிரமை' என்று நேற்று உப்பளம் சார் எழுதியதைப் படித்து தூக்கமே போச்சு. எங்கள் ஆபீசுக்கு வந்து பாருங்கள். ஏசிக்கு நேர் கீழே உட்காரும் அக்கா, சித்திரை மாதத்திலும் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு டைப் அடிக்கிறார். மேற்குச் சுவரோரம் எனக்கு முதுகு நனைகிறது. மூன்று மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல். ரெண்டு பேருக்கும் அதே 24.

உப்பளம்வாசி: 24 நான் கண்டுபிடித்ததா? 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை ஏசி எல்லாம் 24-இல்தான் ஆன் ஆகணும். அரசுக்குத் தெரியாதது உங்கள் அக்காவுக்குத் தெரியுமோ?

மஞ்சக்குப்பத்தான்: அந்த விதி கரண்டை மிச்சம் பிடிக்க வந்தது சார். ஆன் ஆனதும் மாற்றிக்கொள்ளலாம். ஃபாங்கர் என்ற டென்மார்க்காரர் ஒருவருக்குக் குளிருமா, வேர்க்குமா என்பது எதையெல்லாம் பொறுத்தது என்று 1970-இலேயே கணக்குப் போட்டார்: காற்றின் சூடு, சுவர் வீசும் சூடு, காற்றோட்டம், ஈரப்பதம், உடுப்பு, உடம்பு செய்கிற வேலை. ஆறும் பொருந்தினாலும் நூற்றுக்கு 5 பேர் முணுமுணுப்பார்களாம். உங்கள் ரிமோட்டில் இருப்பது ஒன்றே ஒன்று.

உப்பளம்வாசி: டென்மார்க்கில் ஏது புழுக்கம்? இங்கே 24 தான் சரி.

முத்தியால்பேட்டை_மருமகள்: எங்கள் வீட்டில் மாமனாருக்கு 27, வீட்டுக்காரருக்கு 20, எனக்குப் போர்வை. ஃபேனை 3-இல் வைத்தால் 27-ஏ போதும். கேட்பது யார்?

உப்பளம்வாசி: கடலூர்க்காரருக்குக் கரண்ட் இருந்தால்தானே இந்தக் கவலை எல்லாம்!

மஞ்சக்குப்பத்தான்: 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்தபோது உங்கள் புதுச்சேரியில் மட்டும் விளக்கு எரிந்ததா? இதே ஆள்தான் போன மாதம் மீன் குழம்புக்கு மாங்காய் கூடாது என்று நாலு நாள் சண்டை போட்டவர்.

உப்பளம்வாசி: கூடாதுதான். அதை ஏன் இழுக்கிறீர்கள்?

முத்தியால்பேட்டை_மருமகள்: வஞ்சிரத்துக்குப் போடலாம் சார்.

மஞ்சக்குப்பத்தான்: விடுங்கம்மா. சார், கேட்டதற்குப் பதில்: 24 என்பது அக்கா தலைக்கு மேலேயா, என் முதுகிலேயா? தெர்மாமீட்டரை எங்கே வைத்தீர்கள்?

உப்பளம்வாசி: ரிமோட்டில் 24 என்று எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியும்தானே?

மஞ்சக்குப்பத்தான்: ரிமோட்டுக்கு வேர்க்குமா சார்?

உப்பளம்வாசி: 24.