ஜவ்வாது மலையிலும் வட ஆற்காட்டிலும் வெள்ளையருக்கு எதிராக உழவர், மலைமக்கள் எழுச்சி நடந்ததா?

ஆலங்காயம்_ஆசிரியர்:

வணக்கம். ஆலங்காயம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் கோல், சந்தால், முண்டா எழுச்சிகள் வருகின்றன. சித்து, கானு, பிர்சா முண்டா பெயர்களைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். வகுப்பில் பாதிக்கு மேல் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற, மலையாளி என்ற பழங்குடிப் பிள்ளைகள். போன வாரம் ஒரு பெண் எழுந்து, "சார், எங்க மலையில யாரும் எதிர்த்து நிக்கலையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன் என்றேன்.

தேடியதில் கிடைத்தது இரண்டு. ஒன்று, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு நோட்டீஸ்: ஜவ்வாது மலையில் ஒரு வீரன் ஆயிரம் பேரைத் திரட்டி வெள்ளையனை விரட்டினான் என்கிறது. வருஷமும் இல்லை, ஊரும் இல்லை. இன்னொன்று, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது நம்ம திருப்பத்தூரில்தான் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு பெரியவர் உறுதியாகச் சொல்கிறார். ஜூலை 10-ம் தேதிக்குப் பள்ளியில் கண்காட்சி வைக்கிறோம். பலகையில் எழுதினால் சரியாக எழுத வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சி தவிர நமக்கென்று என்ன இருக்கிறது?

குடியாத்தம்_பழைய_வருவாய்:

வாத்தியார் தம்பிக்கு வணக்கம். வருவாய்த் துறையில் சர்வேயரோடு சங்கிலி பிடித்ததில் தொடங்கி ஓய்வு பெற்றவன் நான். வரி, பட்டா, பைசல் இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். அங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

முதலில் அந்த நோட்டீஸை ஓரமாக வையுங்கள். இல்லாத வீரனைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், நாளைக்கு உண்மையான பிர்சாவையும் கதை என்றுதான் நினைப்பார்கள். திருப்பத்தூர் விஷயமும் அப்படித்தான். மருதிருவரை 1801 அக்டோபர் 24-ல் தூக்கிலிட்ட திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையில் இருக்கிறது. நம்முடையது வேறு. பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் பலகையில் ஏற்றாதீர்கள்.

நம்ம திருப்பத்தூருக்குச் சொந்தமாகவே பெரிய கதை உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால் என்ற நம்ம பக்கத்துச் சீமையைப் பிடுங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதை ஆள அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பியது. அவர் கச்சேரி, அதாவது சர்க்கார் அலுவலகம், போட்ட ஊர் நம்ம திருப்பத்தூர். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர்தான் தாமஸ் மன்றோ. ரயத்துவாரி என்று பாடப் புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோகிற முறை இங்கேதான் உருவானது. வயல் வயலாக அளந்து, இந்த நிலத்துக்கு இவ்வளவு தீர்வை (நிலவரி), நேரே சர்க்காருக்குக் கட்டு என்றார்கள். இடையில் ஜமீன்தார் இல்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தீர்வையைப் போட்ட கை கனமான கை. மழை பொய்த்தாலும் ரொக்கம் எண்ணி வைக்க வேண்டும். சொந்தக் காசில் கிணறு வெட்டித் தோட்டக்கால் ஆக்கினால் அதற்கும் தீர்வை ஏறும். நம்ம மாவட்டமோ கிணற்றை நம்பிப் பிழைக்கிற மாவட்டம். இந்த அநியாயம் தீர 1850-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கட்டாதவனை என்ன செய்தார்கள்? இதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கிட்டி என்று ஒரு கருவி. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருக்கும். நடுவில் உழவனுடைய விரல்களை வைத்து மறுமுனையை அழுத்துவார்கள். கலப்பை பிடிக்கிற விரல்கள், தம்பி. இன்னொன்று, கழுத்தையும் காலையும் ஒரே கயிற்றில் பிணைத்து, குனிந்த வாக்கில் வெயிலில் நிறுத்தி முதுகில் கல்லை ஏற்றுவது. தேங்காய் ஓட்டுக்குள் பூச்சியைப் பிடித்துப் போட்டுத் தொப்புள் மேல் கவிழ்த்துக் கட்டுவதும் நடந்தது. இதெல்லாம் நான் கேட்ட செவிவழிக் கதை இல்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்கக் கம்பெனி அரசே போட்ட கமிஷன் 1855-ல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. கமிஷனில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். மூவரும் வெள்ளைக்காரர்கள். ஆமாம், நடக்கிறது என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

அந்தக் கமிஷன் தானாக வந்துவிடவில்லை. கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னையில் தொடங்கிய சுதேசிச் சங்கம் லண்டனுக்கு மனு மேல் மனு அனுப்பியது. டேன்பி சீமோர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் 1853-ல் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் அங்கே பேசினார். பிறகுதான் விசாரணை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் தாசில்தாரும் ஊரில் கண்ணெதிரே இருக்கும்போது, அவர்கள் மேலேயே பிராது கொடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தாசில்தார் கையில்தான் போலீஸ் அதிகாரமும். வரி கேட்பவனும் அவனே, அடிப்பவனும் அவனே, பிராதை வாங்குபவனும் அவனே.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்று. கமிஷன் பழியை எல்லாம் கீழ்மட்டச் சுதேசி அதிகாரிகள் தலையில் போட்டுவிட்டு, மேலே இருந்த வெள்ளை அதிகாரிகளை ஒதுக்கிவிட்டது. டவாலி சேவகன் கிட்டியைப் பிடித்தான் என்பது உண்மைதான். கிஸ்தி (வரித் தவணை) நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டவன் யார்? இந்தக் கேள்வியைப் பலகையில் அப்படியே எழுதிப் போடுங்கள்.

நெல்லூர்ப்பேட்டை_வாசகன்:

ஐயா சொன்னது அத்தனையும் மனதைப் பிசைகிறது. ஆனால் மனு கொடுப்பதை எழுச்சி என்று சொல்லலாமா? சந்தால் மக்கள் வில்லோடு நின்றார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நம்ம பக்கம் காகிதம் எழுதியதை அதோடு சேர்த்து வைப்பது செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லையே. பிள்ளைகளிடம் இங்கே எழுச்சி இல்லை என்று நேராகச் சொல்லிவிடலாமே.

குடியாத்தம்_பழைய_வருவாய்:

நல்ல கேள்வி தம்பி. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஏன் இங்கே வில் எடுக்க முடியவில்லை என்று பாருங்கள்.

1806 ஜூலை 10 விடியற்காலை இரண்டு மணிக்கு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் செத்தார், திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளை அதிகாரி குதிரைப்படையோடு கிளம்பி, சுமார் 25 கிலோமீட்டர் வந்து, காலை ஒன்பது மணி வாக்கில் கோட்டை வாசலில் நிற்கிறார். பின்னாலேயே பீரங்கி வருகிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று அடக்கிவிட்டார்கள். கையில் துப்பாக்கியும் காலடியில் கோட்டையும் இருந்தவர்களுக்கே அந்த கதி. ஐம்பது வருஷம் கழித்து, 1856-ல், தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கே ஓடியது? ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோட்டுக்கு. இப்படி முன்னும் பின்னும் பட்டாளம் உட்கார்ந்திருக்கிற சமவெளியில் உழவன் அரிவாளோடு எழுந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் கதை முடிந்திருக்கும்.

அந்தச் சிப்பாய்களை உழவர் கதையிலிருந்து பிரிக்கவும் கூடாது. தலைப்பாகையில் தோல் பட்டை, நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்ற உத்தரவுதான் நெருப்பை மூட்டியது, சரி. அதற்கு முன்பே, மே மாதத்தில், அந்தத் தலைப்பாகையைப் போட மறுத்ததற்காக ஒரு முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒரு இந்துச் சிப்பாய்க்கும் ஆளுக்கு 900 கசையடி கொடுத்தார்கள். ஆனால் பாளையக்காரர் படைகளைக் கலைத்த பிறகு பிழைப்புக்காகக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரில் நிலத்துக்கும் பாளையத்துக்கும் நடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

அப்புறம், வரி கட்ட மாட்டோம் என்று கூடி நிற்பதும் எழுச்சிதான். இதே சென்னை மாகாணத்தில், மங்களூர்ப் பக்கத்துக் கன்னட ஜில்லாவில், 1830-31-ல் உழவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கிஸ்தி கட்ட மறுத்தார்கள். 

சித்தூர்த்_தமிழன்:

பெரியவர் ஒன்றை விட்டுவிட்டார், அதைச் சேர்த்துவிடுகிறேன். 1911 வரை நம்ம சித்தூரும் வட ஆற்காடுதான், ஜில்லாவின் தலைமையிடமே சித்தூர்தான். ஆகவே பழைய ஜில்லாவின் கதையைச் சொல்வதானால் பங்காருபாளையம் உள்ளிட்ட சித்தூர்ப் பாளையங்களையும் சொல்ல வேண்டும். 1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகம் என்று அன்று அழைத்த அவர் சீமையை வாங்கியதும் கம்பெனி இவர்களிடம் கப்பத்தைக் கறாராகக் கேட்டது. 1804-ல் பாளையக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள், பட்டாளம் வந்து ஒடுக்கியது. வேலூர்க் கோட்டைக்கு இரண்டே வருஷம் முன்னால். மாவட்ட எல்லை மாறியதால் இரண்டு மாநிலத்துக்காரர்களும் இதைப் பேசாமல் விட்டுவிட்டோம்.

மலைமேல்_புதூர்:

வணக்கம் சார். நான் ஜவ்வாது மலைக்காரன், ஜமுனாமரத்தூர்ப் பக்கம். அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியை நானும் படிக்கும்போது கேட்டிருக்கேன், யாரும் பதில் சொல்லலை. அதனால எழுதறேன்.

எங்க மலைக்கு இல்லாத ராஜாவைக் கொடுக்க வேண்டாம். எங்க சண்டை நிலத்துக்காக. 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. அதுக்கப்புறம் காட்டை ரிசர்வ்னு, அதாவது சர்க்கார் காப்புக்காடுன்னு, எல்லை கட்டினாங்க. மாட்டால உழற காடு ஒண்ணு, சரிவுல களைக்கொத்தால கொத்திச் சாமை, கேழ்வரகு விதைக்கிற காடு ஒண்ணு. கொத்துக்காடு கொஞ்ச வருஷம் விதைச்சா அதை விட்டுட்டு அடுத்த சரிவுக்குப் போவாங்க, பழசு தானா மரம் ஏறும். ரிசர்வ் கல்லு நட்டதும் அந்த அடுத்த சரிவு சர்க்காருடையது. ஆடு தாண்டினா அபராதம், விறகு வெட்டினா அபராதம். எங்க பாட்டி சொல்லும்: கல்லு நட்ட பக்கம் பகல்ல போக மாட்டோம், ராத்திரி நிலா வெளிச்சத்துல போய்க் கொத்திட்டு, விடியறதுக்குள்ள விதைச்சிட்டு வந்துடுவோம்னு. அதுக்கு அதோட மாமியார் சொன்னதாம். காவலுக்கு வந்தவங்களுக்குத் தேனும் கோழியும் கொடுத்து அனுப்பினதையும் சொல்லும். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிடும்.

இதே சட்டம்தான் கோதாவரி பக்கத்து ரம்பா மலையில 1922-ல அல்லூரி சீதாராம ராஜு பின்னால மக்களைத் திரட்டுச்சு. சிந்தப்பள்ளி போலீஸ் ஸ்டேஷன்ல புகுந்து துப்பாக்கியை எடுத்தாங்க, 1924 மே மாசம் ராஜுவைச் சுட்டுக் கொன்னாங்க. வயநாட்டுல 1812-ல குறிச்சியர் எழுந்தது, தானியமா வாங்கிட்டிருந்த வரியைப் பணமாக் கேட்டதால. ரெண்டும் அன்னிக்கு நம்ம சென்னை மாகாணம்தான். அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க: அவங்க எதிர்த்த அதே சட்டத்தை, அதே வரியைத்தான் உங்க பாட்டன் பாட்டியும் தாங்கினாங்கன்னு. எஸ்.டி. பட்டியல்ல எங்க பேர் பக்கத்துல இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்'னுதான் இருக்கு. ஜில்லா போயிடுச்சு, சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனா அந்தப் பேரோடதான் வந்து நிக்கறோம்.

நெல்லூர்ப்பேட்டை_வாசகன்:

தம்பி, ராத்திரியில் விதைத்ததை எழுச்சி என்று எழுதினாலும் இனி நான் மறுக்க மாட்டேன். ஆனால் சந்தாலுக்கும் இதற்கும் ஒரே தலைப்பு வைக்காதீர்கள். தனித்தனிப் பலகையாக வையுங்கள்.

ஆலங்காயம்_ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகவே வைக்கிறேன். திருப்பத்தூர்க் கச்சேரியும் ரயத்துவாரியும் ஒன்று. கிட்டிக்குத் தனிப் பலகை. தச்சரிடம் சொல்லி மரத்திலேயே ஒன்று செய்யச் சொல்லப்போகிறேன், ஆனால் பிள்ளைகள் கையை விட்டுப் பார்க்காதபடி கண்ணாடிக்குப் பின்னால். ஆற்காட்டிலிருந்து வேலூர் வரை கில்லஸ்பி வந்த வழியை வரைபடமாகப் போடுகிறோம். ரம்பாவும் குறிச்சியரும் மலைப் பலகையில் வருவார்கள்.

புதூர் தம்பி, உங்கள் பாட்டி பேசுவாரா? அந்தப் பெண்ணையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஆசை. கேள்விகளை அவர்களே தயாரிக்கட்டும்.

குடியாத்தம்_பழைய_வருவாய்:

இன்னொன்றும் செய்யுங்கள். வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்து மனு வாங்குகிற ஜமாபந்தி நடக்கிறதே, பசலி என்ற வருவாய் ஆண்டு முடிகிற சமயத்தில், அது அந்த ரயத்துவாரி காலத்து வழக்கம்தான். பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போய், வரிசையில் மனுவோடு நிற்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுக்கச் சொல்லுங்கள். பட்டாவும் கிணறும்தான் பாதிப் பேச்சாக இருக்கும்.

மலைமேல்_புதூர்:

பேசும் சார், கேட்டா நிறுத்தாது. ஞாயித்துக்கிழமை வாங்க, மத்த நாள்ல காட்டுக்குப் போயிடும். பிள்ளைங்க கேள்வியைப் பெருசா எழுதாம, ஒவ்வொண்ணாக் கேட்கச் சொல்லுங்க. முதல்ல கல்லு எங்க நட்டிருந்துச்சுன்னு கேட்கச் சொல்லுங்க, இடத்தைக் காட்ட அதுவே கூட்டிட்டுப் போயிடும்.