வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் ஒரே திட்டு கட்டலாமா?

நிலாமுற்றம் கேட்டது:

சமையலறையைப் பிரித்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. பழைய டைல்ஸைப் பெயர்த்தாகிவிட்டது, புதுசு இன்னும் ஒட்டவில்லை, அதனால் இப்போது முடிவு எடுத்தால்தான் உண்டு. ஒரு சுவரோரமாக சமையல் மேடைக்கு அடியில் டிஷ்வாஷர், மேடை முடிந்ததும் வாஷிங் மெஷின், மூலையில் ஃபிரிட்ஜ். மூன்றுக்கும் சேர்த்து நீளவாக்கில் அரை அடி உயரத்துக்குத் திட்டு கட்டி மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம், அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் கவலையில்லை என்கிறார் கொத்தனார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பழைய வாஷிங் மெஷின் போனதே அடித்தகடு துருப்பிடித்துத்தான். தரையைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் அடியில் போய் நின்றுவிடும், துடைக்கக் கை நுழையாது. இதோடு எனக்கு முட்டிவலி வேறு. முன்பக்கக் கதவு வைத்த மெஷினுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து துணியை எடுத்துவிட்டு எழுந்திருப்பதற்குள் உயிர் போகிறது. அப்படியானால் அரை அடி எதற்கு, ஒன்றரை அடியாகவே கட்டிவிடலாமே என்று ஒரு யோசனை. கணவரோ திட்டே வேண்டாம், இரும்பு ஸ்டாண்ட் போதும் என்கிறார்.

அளவுகள்: சமையல் மேடை 86 செ.மீ., அதை மாற்றவில்லை. டிஷ்வாஷர் 85, ஃபிரிட்ஜ் 178. நான் 152 செ.மீ. உயரம். கட்டினவர்கள், கட்டி வருத்தப்பட்டவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

ரசமட்டம்:

முதலில் டிஷ்வாஷர். 85 மெஷின், 15 திட்டு, கூட்டினால் 100. மேடை 86. மெஷின் எங்கே போகும்? கொத்தனார் டேப் பிடித்துப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறார். டிஷ்வாஷரைத் தூக்கி வைக்க வேண்டுமென்றால் மேடையிலிருந்து வெளியே எடுத்து, உயரமான அலமாரிக்குள் தனியாக வைக்க வேண்டும். அப்படி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், குனிய வேண்டாம், இடுப்புக்கு நல்லது. ஆனால் பக்கத்துப் பலகையில் திருகு போட்டு இறுக்கியே ஆக வேண்டும். கதவைத் திறந்து, பாத்திரம் நிரம்பிய கீழ்த்தட்டை வெளியே இழுத்தால் மொத்த எடையும் முன்னால் வந்து மெஷின் கவிழப் பார்க்கும். தரையில் இருந்தாலே அந்தப் பயம் உண்டு.

இரண்டாவது, அந்த 86 எங்கிருந்து எங்கே அளந்தது? கல்லின் மேல்முகம் வரையா, அடிமுகம் வரையா? பெயர்த்த தரையிலிருந்தா, வரப்போகிற டைல்ஸ் மட்டத்திலிருந்தா? இதற்குப் பதில் தெரியாமல் திட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, வீடு எத்தனையாவது மாடி?

கொடிமல்லி:

நான் கட்டினேன், ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன், வாஷிங் மெஷினுக்கு மட்டும். 40 செ.மீ. உயரம். முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது என்பேன். துணி வாயிலில் நேராகக் கை போகிறது, கூடையைத் தரையில் வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டே போடலாம். யாரும் சொல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. கீழே முன்பக்கம் சின்ன மூடி போட்டு ஒரு ஃபில்டர் இருக்குமே, அதைத் திறந்தால் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கொட்டும். தரையில் இருந்தபோது சாப்பாட்டுத் தட்டுகூட அடியில் நுழையாது, துணியை விரித்துப் பிழிந்து பிழிந்து எடுப்பேன். இப்போது ஒரு வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திருகினால் வேலை முடிந்தது.

வருத்தப்பட்டதையும் கேளுங்கள். திட்டை அப்போதிருந்த மெஷின் அளவுக்குக் கச்சிதமாகக் கட்டிவிட்டோம். அடுத்த மெஷின் 4 செ.மீ. ஆழம் அதிகம், முன்கால் இரண்டும் விளிம்பில் தொங்கின. திட்டை முன்னால் இழுத்துக் கட்டினோம், ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரே வருடத்தில் விரிசல். மெஷின் பத்து வருடத்தில் மாறும், திட்டு மாறாது, அதனால் நாலு பக்கமும் தாராளமாக விடுங்கள். மேலே ஒட்டிய டைல்ஸும் பளபளப்பு ரகம். துணி பிழியும் சுற்றில் மெஷின் அங்குலம் அங்குலமாக நடந்து முன்னால் வந்ததை ஒருநாள் கண்ணால் பார்த்தேன், கை கால் ஓடவில்லை. அப்புறம்தான் விளிம்பில் 2 செ.மீ. உயரத்துக்கு ஒரு வரப்பு வைத்தோம். நீங்கள் முதலிலேயே சொரசொரப்பான டைல்ஸாகப் போட்டு வரப்பும் வைத்துவிடுங்கள். பின்பக்கம் மட்டும் தண்ணீர் வடிய ஒரு வாய் இருக்கட்டும், இல்லாவிட்டால் திட்டே தொட்டியாகிவிடும்.

குழாய்க்காரன்:

எல்லாரும் மெஷினைத் தூக்குகிறீர்கள், கழிவுநீர்க் குழாயை யாரும் தூக்குவதில்லை. நான் போகிற வீடுகளில் அடிக்கடி பார்க்கிற தவறு இது.

வாஷிங் மெஷினின் அழுக்குத் தண்ணீர் வெளியேறும் ஹோஸ் சுவரில் எந்த உயரத்தில் சொருகப்பட வேண்டும் என்று மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் 60 முதல் 100 செ.மீ. வரை. அது வீட்டுத் தரையிலிருந்து அல்ல, மெஷின் நிற்கிற மட்டத்திலிருந்து. உங்கள் சுவரில் 60 செ.மீ. உயரத்தில் குழாய் வாய் இருக்கிறது, நீங்கள் 40 செ.மீ. திட்டு கட்டுகிறீர்கள் என்றால் மெஷினின் காலிலிருந்து அந்த வாய் வெறும் 20 செ.மீ. தான். டிரம்முக்குள் நிற்கும் தண்ணீர் மட்டத்தைவிட வாய் கீழே போய்விட்டால், ட்யூப் போட்டு டேங்க் தண்ணீரை உறிஞ்சி இறக்குகிற மாதிரி தண்ணீர் தானாகவே வெளியே ஓட ஆரம்பிக்கும். உள்ளே வர வர வெளியே போகும். மெஷின் நிரம்பவில்லையே என்று திரும்பத் திரும்பத் தண்ணீர் இழுக்கும், ஒரு மணி நேரச் சலவை மூன்று மணி நேரம் ஆகும். மெஷின் கெட்டுவிட்டது என்று போன் வரும், போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகவே இருக்கும்.

எனவே எவ்வளவு தூக்குகிறீர்களோ அவ்வளவு அந்த வாயையும் தூக்குங்கள். சுவர் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் என்றால் அரை நாள் வேலை. தண்ணீர் வரும் குழாயும் பிளக் பாயிண்டும் மெஷினுக்கு நேர் பின்னால் வேண்டாம், பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். கசிந்தால் மெஷினை நகர்த்தாமல் மூட முடிய வேண்டும்.

வெள்ளைப்பூனை:

ஃபிரிட்ஜை மட்டும் தயவுசெய்து ஏற்றாதீர்கள். 178 + 15 = 193. நீங்கள் 152. மேல்தட்டில் எது இருக்கிறது என்று பார்க்கவே முக்காலி போட வேண்டும், ஃப்ரீசர் மேலே இருக்கிற ரகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதைவிடப் பெரிய சங்கதி சக்கரம். ஃபிரிட்ஜின் அடியில் சக்கரம் இருப்பது பின்பக்கத் தூசியைத் துடைக்க முன்னால் இழுப்பதற்குத்தான். திட்டின் மேல் இருந்தால் எங்கே இழுப்பீர்கள்? ஒரு சாண் இழுத்ததும் முன்சக்கரம் காற்றில் நிற்கும். என் சித்தப்பா வீட்டில் இப்படித்தான் ஏற்றி வைத்தார்கள், அதற்கப்புறம் அந்தப் பின்பக்கத்தை யாருமே பார்த்ததில்லை. கடைசியில் ரிப்பேருக்கு இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது, பின்னால் கம்பளி நெய்கிற அளவுக்குத் தூசி.

அடியில் தண்ணீர் போகிறது என்றால் தரையின் வாட்டத்தைப் பாருங்கள். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு வடிகால் பக்கம் இருந்தாலே தண்ணீர் நிற்காது. டைல்ஸ் ஒட்டாத இந்த நேரத்தில் அதைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். அந்தச் சிறு சரிவில் ஃபிரிட்ஜின் கால்களைத் திருகிச் சமன் செய்துகொள்ளலாம். முன்பக்கம் மட்டும் துளி உயர்வாக இருக்கட்டும், அப்போதுதான் கதவு தானாக வந்து மூடும்.

இரும்புக்கை:

அண்ணன் சொல்கிற ஸ்டாண்டை எடுத்தவுடன் ஒதுக்காதீர்கள் அக்கா. வாடகை வீடாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முன்பக்கக் கதவு மெஷின் தனியாகவே 60, 70 கிலோ, ஆட்டத்தை அடக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பான். அது நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும்போது மெல்லிய காலுள்ள ஸ்டாண்ட், அதிலும் சக்கரம் வைத்தது, ஆடாமல் இருக்காது. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். நாலு விரல் உயரத்துக்கு ஸ்டாண்ட் சரி, ஒன்றரை அடிக்கு வேண்டாம். துரு பிடிப்பது மெஷினுக்குப் பதில் ஸ்டாண்டாக இருக்கும், அவ்வளவுதான் லாபம்.

நிலாமுற்றம்:

ரசமட்டம் சார், இப்போதுதான் போய் அளந்தேன், வயிற்றைக் கலக்குகிறது. 86 என்பது பெயர்த்த தரையிலிருந்து கல்லின் மேல்முகம் வரை. கல் 2 செ.மீ. கனம். கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினால் 3 செ.மீ. ஏறும் என்கிறார் கொத்தனார். அப்படியானால் மிச்சம் 81 தானே? திட்டு இல்லாமலே டிஷ்வாஷர் நுழையாது!! மெஷின் வாங்கி ஹாலில் பெட்டியோடு நிற்கிறது.

வீடு இரண்டாவது மாடி. ஃபிரிட்ஜ் விஷயம் புரிந்தது, அது தரையிலேயே இருக்கட்டும்.

ரசமட்டம்:

பதற வேண்டாம், டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால்தான் பதற வேண்டும். 85 செ.மீ. டிஷ்வாஷர்களில் பலவற்றுக்கு மேல்மூடியைக் கழற்றலாம். பின்னால் திருகு இருக்கும், எடுத்துவிட்டால் 82 ஆகிவிடும், உங்கள் மாடலுக்குக் கழற்றலாமா என்று கையேட்டில் பாருங்கள். இனி தரை. கலவைக்குப் பதிலாக டைல்ஸ் ஒட்டும் பசையைப் பூசி ஒட்டினால் பசையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை செ.மீ.க்குள் முடித்துவிடலாம். 84-இல் 1.5 போனால் 82.5. நுழையும், அரை செ.மீ. தான் மிச்சம். மெஷின் நிற்கிற அந்த இடத்தைச் சமமாக விடுங்கள், சரிவு அதற்கு முன்னாலிருந்து தொடங்கட்டும். பசைக்கு அடித்தளம் மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும், கொத்தனார் முணுமுணுப்பார், விடாதீர்கள். டிஷ்வாஷர் நிற்கிற இடத்தில் மட்டும் இப்படிச் செய்து மற்ற இடத்தில் கலவை போடவும் கூடாது. அது பள்ளமாகி, மெஷின் வெளியே வர முடியாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். சமையலறை முழுக்க ஒரே மட்டம்.

மாடி எது என்று கேட்டதற்குக் காரணம் வாஷிங் மெஷின் திட்டு. 70க்கு 75 அளவில் 35 செ.மீ. உயரத்துக்கு முழுக் கான்கிரீட் போட்டால் அதுவே 440 கிலோ. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுச் சுமைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். நாளைக்கே இடிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் அரைச் சதுர மீட்டரில் அதை ஏற்றி வைக்க அவசியமும் இல்லை. எடை குறைந்த ஏஏசி பிளாக்கில், அதாவது உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்லில் கட்டி, மேலே 5 செ.மீ. மட்டும் கம்பிவலை வைத்துக் கான்கிரீட் போட்டால் 170 கிலோ சுமாருக்கு முடிந்துவிடும். நடுத்தளத்தில் வேண்டாம், அடியில் பீம் இருக்கிற சுவரோரமாக இருக்கட்டும். வீட்டைக் கட்டிய பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கொடிமல்லி:

35 உங்கள் உயரத்துக்குப் போதும். மெஷின் உச்சி 120 வரும், சோப்பு போடுகிற தட்டு கண்ணுக்குக் கீழேதான் இருக்கும். போட்ட கான்கிரீட்டை ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருந்து அப்புறம் டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். மெஷின் வந்திறங்கியதும் பின்னால் இருக்கிற நீளத் திருகுகளைக் கழற்ற மறக்காதீர்கள், கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டவை அவை. அதோடு ஓட்டினால் எந்தத் திட்டும் தாங்காது.

நிலாமுற்றம்:

டிஷ்வாஷர் மூடி கழற்றலாம் என்று கையேட்டில் படத்தோடு இருக்கிறது, ஐந்து திருகு. கழிவுநீர்க் குழாய் வாய் இப்போது 65-இல் இருக்கிறது, குழாய்க்காரன் அண்ணா சொன்னபடி 100க்கு ஏற்றச் சொல்லிவிட்டேன். பொறியாளருக்குத் திட்டு வருகிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கொத்தனார் நாளைக் காலை வருகிறார், பசை என்று சொன்னதற்கே முகம் மாறிவிட்டது.