கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலை: தங்கைக்கு வழிகாட்ட யாராவது உண்டா?

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். நாங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள். தங்கை சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பை முடிக்கப் போகிறாள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில்தான் வேலை செய்வேன் என்று உறுதியாக இருக்கிறாள். அம்மாவும் நானும் அவள் பக்கம்தான்.

அவளுக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே கழிவுநீர் 80 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், பழுப்பு நிறத்தில், எண்ணெய் கலந்து வெளியேறும். அதன் பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். 1977 விதிமுறைப்படி, ஆற்றில் விடுவதற்கு முன் அதை 100-க்குக் கொண்டுவர வேண்டும். சில இடங்களில் 20 வரை கேட்கிறார்கள். பெரும்பகுதி வேலையைக் காற்றில்லாக் குளத்து நுண்ணுயிர்களே செய்துவிடும். குளத்தை மூடி மீத்தேனைப் பிடித்தால் மின்சாரமும் எடுக்கலாம். தோட்டத்து மக்கள் ஆற்றோரமாகவே வாழ்ந்தவர்கள். அந்த ஆற்றைக் காக்கும் வேலையில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இன்னொன்று, கோலாலம்பூரில் மெம்பிரேன் (நீரை வடிகட்டும் நுண்துளைச் சவ்வு) தொழில்நுட்பம் செய்யும் நிறுவனம்.

ஆலையில் தொடங்கியவர்கள் பிறகு தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாற முடிகிறதா? ஆலையில் பெண் பொறியாளருக்கு இரவு ஷிஃப்ட், தங்குமிடம் எல்லாம் எப்படி? ஐமாஸ் (மலேசியச் சுற்றுச்சூழல் பயிற்சிக் கழகம்) தரும் செப்போமே (CePPOME) என்னும் செம்பனை ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சான்றிதழை வேலைக்குச் சேர்ந்த பிறகு எடுப்பது நல்லதா? அப்புறம், பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராக இப்போதே பதிந்துவிடலாமா?

இத்துறையில் இருப்பவர்கள், முக்கியமாக அக்காமார், தங்கையோடு கொஞ்ச நேரம் பேச முடிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.