வளைவில் வண்டியின் எல்லையைத் தேடிப் பார்க்கலாமா?

சேலம்_பயணி

வணக்கம். 100 சிசி வண்டியிலிருந்து 200 சிசி வண்டிக்கு மாறியிருக்கிறேன். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கித்தான் திரும்புகிறேன். பின்னால் வரும் கார்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்துவதே இல்லை. "வாரம் ஒரு முறை அதே வளைவில் 5 கிலோமீட்டர் வேகம் கூட்டிக்கொண்டே போ, வண்டி எங்கே தடுமாறுகிறதோ அதுதான் எல்லை" என்கிறான் நண்பன். அண்ணனோ, எல்லை தெரியாமல் ஓட்டுவதுதான் ஆயுளுக்கு நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தடம்_பன்னிரண்டு

இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

முதலில் நண்பரின் 5 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை மணிக்கு 20 கிலோமீட்டரில் கடக்க, வண்டி சுமார் 17 டிகிரி சாய்ந்தால் போதும். 25 என்றால் 26 டிகிரி. 30 என்றால் 35. 35 என்றால் 44. 40-ஐத் தொட்டால் 51. வேகம் கூடக் கூடத் தேவைப்படும் விசை அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. அதனால்தான் ஒவ்வொரு சிறு படிக்கும் 8, 9 டிகிரி கூடிவிடுகிறது. அன்றாடம் ஓட்டும் வண்டிகள் பலவற்றில் 40 டிகிரிக்கு முன்பின்னாகவே ஃபுட்ரெஸ்ட் தரையை உரசும். ஆக, 25-இல் நிம்மதியாகத் திரும்பியவர் மூன்றாம் வாரம் 40-இல் நுழைந்தால், வண்டியால் முடியாத ஒன்றைக் கேட்கிறார். அதுவும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் இருக்கும் இடத்தில்.

அண்ணன் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைச் சம்பவ இடத்திலேயே ஆராய்ந்தது. வேறு வண்டி மோதாமல் தானாக விழுந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் பிழையே காரணம். அந்தப் பிழைகள் எவை தெரியுமா? பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கியது, அதிக வேகத்தில் வளைவுக்கு வெளியே போனது, வண்டியைப் போதுமான அளவு திருப்பாமல் விட்டது. இந்தக் கடைசிப் பிழையைக் கவனியுங்கள். வண்டியால் திரும்ப முடிந்தது, ஓட்டியவர் திருப்பவில்லை. சாய்த்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கையை விறைத்து, எதிர்த்தடத்துக்கோ தடுப்புச்சுவருக்கோ நேராகப் போய்விடுகிறார்கள். எல்லை தெரியாதவருக்கு நடப்பது இதுதான்.

எனவே கற்றே ஆக வேண்டும். ஆனால் ஏற்காட்டில் வேண்டாம். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட பந்தயத் தடம் இருக்கிறது; கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்றுநர் இருக்கும் நாளாகப் பார்த்துச் செல்லுங்கள்.

வால்பாறை_ஓட்டுநர்

தம்பி, கணக்கு சரி. முடிவு சரியில்லை.

ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளில் பேருந்து ஓட்டியே நான் ஓய்வு பெற்றவன். பைக்கில் வருபவர்களின் முகத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்தவன். அந்தச் சாலையில் எல்லையை முடிவு செய்வது டயர் அல்ல, கண். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத வரை, உங்கள் டயர் 50 டிகிரி தாங்கினால் என்ன, 60 டிகிரி தாங்கினால் என்ன? பாறையில் கசியும் தண்ணீர், லாரி சிந்திய டீசல், ஓரத்தில் குவிந்த மணல், நடுச் சாலையில் நிற்கும் காட்டெருமை. இவை எதுவும் பந்தயத் தடத்தில் கிடையாது.

இன்னொன்று. கொண்டை ஊசி வளைவில் பேருந்தைத் திருப்ப எனக்கு முழுச் சாலையும் வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. நான் அகலமாக ஏறி வரும்போது, மேலேயிருந்து சாய்ந்துகொண்டு ஒருவர் இறங்கினால் அவருக்கு இடமே இல்லை. எவ்வளவு திறமையாகச் சாய்க்கத் தெரிந்தவராக இருந்தாலும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம். அதற்கு மேல் எதுவும் கற்க வேண்டாம் என்பதே என் கட்சி.

தடம்_பன்னிரண்டு

ஐயா, பார்வைத் தூரம் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சாலையின் இரு ஓரங்களும் ஒன்று சேர்வது போலத் தெரியும் புள்ளி உங்களை நோக்கி நெருங்கினால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறை. அது விலகிப் போனால் வளைவு விரிகிறது. பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லித்தருவோம்.

ஆனால், காட்டெருமை நிற்கிறது என்று கண்டபின் என்ன செய்வது? அந்த நொடிக்குத்தானே பயிற்சி?

நாமக்கல்_பட்டறை

இருவரும் வண்டியை மறந்துவிட்டீர்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போய் வந்த வண்டிகள்தாம் என் பட்டறைக்கு வருகின்றன. டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருக்கும். அந்த டயர் நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. சாய்க்கத் தொடங்கியதும் தட்டையான பகுதியின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் சட்டென்று விழுவது போல இழுக்கும். அதை வண்டியின் எல்லை என்று ஓட்டுபவர் நினைத்துக்கொள்கிறார். காற்று குறைந்த டயரும் அப்படித்தான் ஏமாற்றும்.

முதலில் எது தரையைத் தொடும் என்று பாருங்கள். மடங்கும் ஃபுட்ரெஸ்ட் தொட்டால் அது எச்சரிக்கை மட்டுமே, மடங்கிக்கொடுக்கும். சென்டர் ஸ்டாண்டோ சைலன்சரோ தொட்டால் கதை வேறு. அவை மடங்காது. இன்னும் சாய்த்தால் வண்டியின் எடையைத் தாமே வாங்கிக்கொண்டு டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பின்னால் ஆளை ஏற்றினால் ஸ்பிரிங் அமுங்கி, முன்பு தொடாதது இப்போது தொடும். தனியாக ஓட்டிக் கண்ட எல்லை, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிய நாளில் செல்லாது. புது டயரில் வழவழப்புத் தேயும் வரை கூடுதல் கவனம் வேண்டும். 17 டிகிரி, 35 டிகிரி என்று ஒரே கணக்கை எல்லா வண்டிக்கும் சொல்லாதீர்கள், தம்பி.

நீலகிரி_ஆசிரியை

நான் இயற்பியல் கற்பிக்கிறேன், வண்டியும் ஓட்டுகிறேன். தடம்_பன்னிரண்டு சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. எல்லையைக் கற்றவர் அதன் பிறகு எப்படி ஓட்டுகிறார்?

1980-களில் நார்வேயில் புதிய கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளத்தில் பயிற்சி கொடுத்தார்கள். சறுக்கினால் மீட்பது எப்படி என்று கற்றால் விபத்து குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆராய்ந்து பார்த்தபோது இளம் ஆண்களின் வழுக்குச்சாலை விபத்துகள் கூடியிருந்தன. கற்ற திறமையைப் பாதுகாப்பாகச் சேமிக்கவில்லை, வேகமாகச் செலவழித்துவிட்டார்கள். தடத்தில் 45 டிகிரி சாய்த்துவிட்டு வந்த 22 வயது இளைஞர் கல்லட்டி மலைச்சாலையில் 20 டிகிரியோடு நின்றுகொள்வார் என்று உங்களால் உறுதி தர முடியுமா?

தடம்_பன்னிரண்டு

உறுதி தர முடியாது. ஆனால் நார்வே உதாரணம் சறுக்கிய பின் மீட்பது பற்றியது. நான் சொல்வது சறுக்கும் நிலைக்கே போகாமல் திருப்புவது பற்றி. வலப்பக்கம் திரும்ப ஹேண்டில்பாரின் வலப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும் என்பதே ஓட்டுபவர்களில் பலருக்குத் தெரியாது. உடல் தானாகச் செய்துகொண்டிருக்கும். பயம் வந்த நொடியில் கை விறைக்கும், அந்தத் தள்ளல் நின்றுபோகும், வண்டி நேராகும். பார்வையும் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். கண் போகும் இடத்துக்கே வண்டி போகும். இதைக் கற்பிப்பதை வேகத்துக்குத் தூண்டுவதாக எப்படிச் சொல்வீர்கள்?

வால்பாறை_ஓட்டுநர்

கற்பியுங்கள். அதற்கு ஒரு மைதானம் போதுமே! பந்தயத் தடம் எதற்கு? அந்தச் செலவு எத்தனை பேருக்குக் கட்டுபடியாகும்? தேயிலைத் தோட்டத்துக்குக் காலையில் பால் கொண்டுபோகும் பையனிடம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வா என்பீர்களா? மலைச்சாலையில் தினமும் உயிரைப் பணயம் வைப்பவன் அவன்தான். உங்கள் பயிற்சி அவனுக்குப் போய்ச் சேரவே சேராது.

தடம்_பன்னிரண்டு

இது நியாயமான கேள்வி. அந்தப் பையனுக்கும் சேலம்_பயணிக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சமதளமான, மண் இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத தளம் ஒன்றைத் தேடுங்கள். விடுமுறை நாளில் கல்லூரி வளாகத்தில் அனுமதி கேட்டால் கிடைக்கக்கூடும். முழு ஹெல்மெட், கையுறை, முழங்கையையும் முழங்காலையும் மறைக்கும் கவசம், கணுக்காலை மூடும் காலணி. ஒரு தண்ணீர்ப் புட்டியை நடுவில் வைத்து 8 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். இரண்டாவது கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர். முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தரையைப் பார்க்காதீர்கள். வட்டத்தின் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டுவதைவிட வட்டத்தை மெல்லச் சுருக்குவது நல்லது. வேகம் குறைவாகவே இருக்கும், சாய்வு மட்டும் கூடும். விழுந்தாலும் சைக்கிள் வேகத்தில்தான் விழுவீர்கள். இரு பக்கமும் செய்யுங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு பக்கம் நன்றாக வரும், மறுபக்கம் கை முரண்டும். முரண்டும் பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஃபுட்ரெஸ்ட் மெல்ல உரசினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தேடிப் போனது அதுதான்.

பிறகு 30-இல் நேராக வந்து, இருப்பதாக நினைத்துக்கொண்ட ஒரு பள்ளத்தை விலகிச் செல்லும் பயிற்சி. தள்ளு, விலகு, மறுபிடியைத் தள்ளி நேராகு. விலகும்போது பிரேக் வேண்டாம்.

நாமக்கல்_பட்டறை

இதை ஏற்கிறேன். தொடங்கும் முன் டயரின் காற்றை அளந்துகொள்ளுங்கள். தரையில் ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

வால்பாறை_ஓட்டுநர்

மைதானத்துக்கு எனக்கும் சம்மதம். ஆனால் வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தொடாதே என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

தடம்_பன்னிரண்டு

இங்கேதான் நாம் பிரிகிறோம், ஐயா. நேரிலேயே குறைப்பதுதான் முறை, ஐயமில்லை. ஆனால் "வளைவில் பிரேக்கைத் தொடவே கூடாது" என்று பழகியவர் அந்தக் காட்டெருமைக்கு முன்னால் என்ன செய்வார்? ஒன்று, எதுவும் செய்யாமல் மோதுவார். இல்லையென்றால் பதறி முழுக்கையாக அழுத்திச் சறுக்குவார். முன் பிரேக்கைப் பஞ்சுபோல் மெல்ல அழுத்தி, வண்டி நிமிர நிமிரக் கூட்டிக்கொண்டே போகத் தெரிந்திருக்க வேண்டும்.

நீலகிரி_ஆசிரியை

இந்த இடத்தில் நான் தடம்_பன்னிரண்டின் பக்கம். ஆனால் காரணம் ஐயாவுடையது.

டயரின் பிடிமானம் ஒரே மொத்தம்; திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். 45 டிகிரி வரை தாங்கும் டயரும் சாலையும் இருப்பதாகக் கொள்ளுங்கள். 30 டிகிரி சாய்வில் திரும்புவதற்குப் பிடிமானத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு போகிறது. மீதி 42 என்று தோன்றும்; ஆனால் இரண்டு விசைகளும் செங்குத்தாக இருப்பதால் பிரேக்குக்கு 80 விழுக்காட்டுக்கும் சற்று மேலாகவே கிடைக்கும். 43 டிகிரிக்குப் போங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சற்றே மிஞ்சும், அவ்வளவுதான். அதனால் வளைவில் பிரேக் பிடிக்கும் வாய்ப்பு, குறைவாகச் சாய்ப்பவருக்கே இருக்கிறது. எல்லையருகே போனவர் தடத்தில் எவ்வளவு பயின்றிருந்தாலும் அவருக்கு அது இல்லை. ஈரச்சாலையில் மொத்தமே சுருங்கிவிடும். அப்போது 30 டிகிரியே எல்லையாக இருக்கலாம்.

சாய்வைக் கணக்கிட்டு பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இப்போது சில வண்டிகளில் வருகிறது. 2020-இல் இந்தியாவுக்கு வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் இருந்தது. சாதாரண ஏ.பி.எஸ்.ஸை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வால்பாறை_ஓட்டுநர்

அம்மா, இந்தக் கணக்கை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நேராகும்போது பிரேக்கைக் கூட்டலாம் என்பதை ஏற்கிறேன். பந்தயத் தடம் சாலைக்குத் தயார்ப்படுத்தும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். அங்கே எதிரில் ஒருவரும் வருவதில்லை.

தடம்_பன்னிரண்டு

எதிரில் ஒருவரும் வராத இடத்தில்தான் கையும் கண்ணும் பதறாமல் பழகும், ஐயா. இதில் நானும் மாறப்போவதில்லை.

சேலம்_பயணி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை மைதானத்துக்குப் போகிறேன். டயரை நாளையே பட்டறையில் காட்டிவிடுவேன். ஒரு சந்தேகம் மட்டும். வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டி வந்தால் வளைவுக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. தடத்தின் எந்தப் பக்கமாக வருவது?

வால்பாறை_ஓட்டுநர்

வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டி வரவே வராதே, தம்பி. டயர் உன் தடத்தில் இருந்தாலும், சாய்ந்த உன் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி என் தடத்தில் இருக்கும். உன் தடத்தின் இடப்பக்கமாக வா, மணல் மட்டும் தவிர்த்து. பார்வையும் கூடுதலாகக் கிடைக்கும். இடப்பக்க வளைவில் பார்வைக்காக நடுக்கோட்டுப் பக்கம் சற்று வரலாம். ஆனால் எதிரில் பேருந்தின் முகப்பு தெரிந்த உடனே இடத்தைக் கொடுத்துவிடு.

தடம்_பன்னிரண்டு

இதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்ற மாட்டேன். ஞாயிறன்று எந்தப் பக்கம் கை முரண்டியது என்று இங்கேயே எழுதுங்கள், சேலம்_பயணி. அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.