சிரிக்காத முகம்: பஸ்டர் கீட்டனைக் கண்டுகொண்ட அனுபவங்கள்

என் தந்தை நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக உழைத்தவர். வயது ஏற ஏறக் காது மந்தமாகி, வசனம் பிடிபடாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுப் படம் பார்க்கப் பிடிக்காமல், திரைப்படம் பார்ப்பதையே விட்டுவிட்டார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பேசாப்படக் காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து சற்று நேரம் நின்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புயல் காட்சி வந்தது. கீட்டன் தெருவில் திகைத்து நிற்க, அவருக்குப் பின்னால் இருந்த மாடி வீட்டின் முன்சுவர் முழுவதுமாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு அவர் நின்ற இடத்துக்கு நேராக வந்து விழுவதால், ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே நிற்கிறார்.

"தம்பி, அதைத் திரும்பப் போடு" என்றார் அப்பா. நான்கு முறை போட்டேன். நான் கீட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன்; அவரோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அட்டை இல்லை. விழுந்ததும் புழுதி எழும்புகிறது பார், கனம் இருக்கிறது. இவனுக்கு நூல் பிடித்து அளந்து வைத்திருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சுவர் கனமான உண்மைச் சுவர். ஜன்னல் சட்டத்துக்கும் கீட்டனின் உடலுக்கும் இடையே சில அங்குல இடைவெளிதான் இருந்தது. சுவர் சாய்வதையும் அவர் நிற்பதையும் வெட்டு இல்லாமல் ஒரே காட்சித் துண்டில், தலை முதல் கால் வரை தெரியும்படி காட்டியிருப்பதால்தான், ஒரு கொத்தனாரின் கண்ணுக்கும் அது மெய்யாகப் படுகிறது.

* * *

மேலே எழுதியவரின் தந்தையைப் போலவே நானும் என் தொழிலின் கண்ணோடுதான் கீட்டனைப் பார்த்தேன். ரயில்வே பணிமனையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பார்த்த 'தி ஜெனரல்' (1926), அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862இல் நடந்த எஞ்சின் கடத்தலைத் தழுவியது. அதில், காதலி ஒதுக்கிவிட்ட துயரத்தில், எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் ராடின் மேல் கீட்டன் தனியே உட்கார்ந்திருக்கிறார். எஞ்சின் நகரத் தொடங்குகிறது. ராடோடு சேர்ந்து அவரும் மேலே போகிறார், கீழே வருகிறார். ஷெட்டுக்குள் நுழையும் தறுவாயில்தான் அவருக்கு அது உறைக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது மென்மையான நகைச்சுவை. நீராவி எஞ்சின் கிளம்பும்போது சக்கரம் வழுக்கிச் சுழன்றால் என்ன நடக்கும் என்று அறிந்த எனக்கோ மூச்சு நின்றுவிட்டது.

அதே படத்தில், எஞ்சினின் முன்பக்கம், தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டை ஒன்றை மடியில் அணைத்தபடி அமர்ந்திருக்கும் அவர், தண்டவாளத்தின் குறுக்கே கிடக்கும் இன்னொரு கட்டையின் முனையைக் குறிபார்த்து இதை எறிந்து, இரண்டையும் ஒரே அடியில் வெளியே தள்ளுகிறார். எடை தெரிந்தவர்களுக்கே அந்தக் கணக்கின் அருமை புரியும். பாலம் எரிந்து எஞ்சின் ஆற்றில் விழும் காட்சியை 1926 ஜூலை 23 அன்று, ஓரிகன் மாநிலத்துக் காட்டேஜ் குரோவ் ஊருக்கு அருகே, உண்மையான எஞ்சினைக் கொண்டே எடுத்தார்கள். அந்த எஞ்சின் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும் வரை ஆற்றிலேயே கிடந்தது. படம் வெளிவந்தபோது போதிய வரவேற்புப் பெறவில்லை என்பதும், அடுத்த சில ஆண்டுகளில் அவர் தம் சுதந்திரத்தை இழந்து எம்ஜிஎம் திரைப்பட நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் சென்றார் என்பதும் எனக்கு இன்றும் வருத்தம் தருகின்றன.

* * *

நான் ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) போட்டுக் காட்டினேன். கனவில் திரைக்குள் நுழையும் கீட்டன், கடலுக்குள் பாய்கிறார். அதற்குள் காட்சி மாறிவிட, பனிக்குவியலில் தலைகீழாகச் செருகிக்கொள்கிறார். கணினி இல்லாத காலத்தில், நில அளவைக் கருவிகளால் கேமராவின் தொலைவையும் நடிகர் நிற்கும் இடத்தையும் அளந்து இதைச் சாதித்தார்கள் என்று சொன்னபோது வகுப்பே அமைதியானது. அதே படத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும் தொட்டியிலிருந்து கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியபோது கழுத்தெலும்பு முறிந்ததையும், பல ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்த்துச் சொன்ன பிறகே அவருக்கு அது தெரிந்ததையும் நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

"மிஸ், இவர் ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கீட்டன் சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் மேடையேறியவர்; சட்டையில் தைத்த கைப்பிடியைப் பிடித்துத் தந்தை அவரைத் தூக்கி வீசுவதுதான் அந்த நிகழ்ச்சியே. தான் சிரித்தால் அவையோர் சிரிப்பது குறைகிறது என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். இதைக் கேட்டுக்கொண்டவள், "ஆனா கண்ணு பேசுது மிஸ்" என்றாள். அவரைக் கல்முகம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெரிய கண்களில் வியப்பும் அச்சமும் பிடிவாதமும் அடுத்தடுத்து வந்துபோவதைப் பன்னிரண்டு வயதுப் பெண் கண்டுகொண்டாளே!

* * *

முதலில் எழுதியவன் மீண்டும் வருகிறேன். ரயில்வே நண்பரின் பகிர்வைப் படித்தபின் நேற்றிரவு 'தி ஜெனரல்' படத்தை அப்பாவுக்குப் போட்டேன். ராடின் மேல் கீட்டன் உட்கார்ந்த இடத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. எஞ்சின் நகர்ந்ததும் அப்பா தம்மையறியாமல் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். ஷெட்டுக்குள் போய் மறைந்த பிறகுதான் கையை எடுத்தார்.