ஜானி இங்கிலீஷ் முதல் படமா, இரண்டாவதா? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி அண்ணா: ரோவன் அட்கின்சன் உளவாளியாக வரும் சிரிப்புப் படம் இருக்கிறதே, ஜானி இங்கிலீஷ், நேற்று ராத்திரி அதன் முதல் படம், அதற்குப் பிறகு ரீபார்ன், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தேன். முதலாவது 2003, அடுத்தது 2011. எனக்கு இரண்டாவதுதான் நல்ல படம்.

சுந்தரம் பெரியப்பா: முதல் படத்தின் கால்தூசி பெறாது இரண்டாவது.

கார்த்தி அண்ணா: காரணம் சொல்லுங்கள் பெரியப்பா.

சுந்தரம் பெரியப்பா: ஒன்றே ஒன்று போதும். பஃப். பென் மில்லர் நடித்தாரே, அந்த உதவியாளர். அவர் இல்லாத ஜானி இங்கிலீஷ் எனக்குப் பாதிப் படம்தான்.

ரேவதி சித்தி: காலையிலேயே தொடங்கியாச்சா? நான் இட்லி ஊற்றிவிட்டு வருகிறேன். நான் வருவதற்குள் முடித்துவிடாதீர்கள், எனக்கும் சொல்ல இருக்கிறது.

சுந்தரம் பெரியப்பா: அந்தக் கல்லறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இங்கிலீஷ் யாரோ ஒருவரின் இறுதிச் சடங்கில் புகுந்து, அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தையே திருடர்கள் என்று சொல்லித் திட்டுகிறான். தப்பான இடம் என்று தெரிந்ததும் முகம் செத்துப்போகிறது. அப்போது பஃப் வந்து, இவர் மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவர் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அந்த விசுவாசம் இரண்டாவது படத்தில் எங்கே?

நிலா: தாத்தா எனக்கு ரெண்டாவதுல நாற்காலி மேலே போய் கீழே வருமே அதான் பிடிக்கும்

அம்மா: நிலா, இன்றைக்கும் அப்பாவின் ஆபீஸ் நாற்காலியில் அதைச் செய்து பார்த்தாயாமே. கை மாட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை.

கார்த்தி அண்ணா: நிலா சொல்வது சரி. பிரதமர் உட்கார்ந்திருக்கிற கூட்டம். இங்கிலீஷ் நாற்காலி தானாகக் கீழே இறங்குகிறது, அவன் ஏற்றுகிறான், மறுபடி இறங்குகிறது. அந்தக் காட்சி சிரிப்பாக இருப்பதற்குக் காரணம் நாற்காலி இல்லை. அறையில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இங்கிலீஷும் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற முகத்தை மாற்றுவதில்லை. தலை மட்டும் மேசைக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. ரோவன் அட்கின்சன் ஒருவரால்தான் இது முடியும்.

சுந்தரம் பெரியப்பா: அட்கின்சனைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை. உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? 1983-இல் ஷான் கானரி மறுபடி ஜேம்ஸ் பாண்டாக நடித்த நெவர் சே நெவர் அகெயின் படத்தில் அட்கின்சனும் இருக்கிறார், சின்ன வேடத்தில், தூதரக ஆள் மாதிரி. உளவுப் படத்தைக் கேலி செய்வதற்கு இருபது வருடம் முன்பே உண்மையான பாண்ட் படத்துக்குள் போய்வந்த மனிதர்.

தேவி: இன்னொன்றும் உண்டு பெரியப்பா. முதல் படத்தை எழுதிய மூவரில் இருவர், நீல் பர்விஸ், ராபர்ட் வேட், பாண்ட் படங்களையே எழுதியவர்கள். 2002-இல் வந்த டை அனதர் டே அவர்கள் எழுதியதுதான். அதில் நடித்த ரோசமண்ட் பைக், ரீபார்னில் கதாநாயகி. அடுத்த வீட்டுக்காரர்களே வந்து கேலி செய்த மாதிரி இருக்கும், அதனால்தான் முதல் படத்தில் பாண்ட் வாசனை அவ்வளவு சரியாக வருகிறது.

சுந்தரம் பெரியப்பா: பார்த்தாயா, தேவி என் பக்கம்.

தேவி: இல்லை பெரியப்பா. நான் இரண்டாவது பக்கம். ஆனால் கார்த்தி அண்ணா சொல்கிற காரணத்துக்காக இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுங்கள்.

ரேவதி சித்தி: வந்துவிட்டேன். முதல் படத்தில் கழிவறைக் குழாய்க்குள் ஏறுகிற காட்சி வரும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதோடு நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதற்காகவே என் ஓட்டு இரண்டாவதுக்கு.

அம்மா: எனக்கும் அந்தக் காட்சி ஆகவே ஆகாது.

தேவி: இங்கிலீஷ் முட்டாள், எல்லாவற்றையும் தப்பாகவே செய்கிறான் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். முதல் படத்தை மறுபடி பாருங்கள். அவன் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சரி. கிரீட நகைகளைத் திருடியவர்கள் சவ வண்டியில் ஓடினார்கள் என்பது உண்மை. அவன் போய் நின்றது வேறு சவ வண்டியிடம். சிறைச்சாலைகள் நடத்தும் அந்தப் பிரெஞ்சுப் பணக்காரர் சொவாஜ்தான் வில்லன் என்று படத்தில் முதலில் சொல்வது இங்கிலீஷ். மேலதிகாரி பெகாசஸ் நம்பவில்லை. முடிசூட்டி வைக்கும் தலைமைப் பாதிரியார், ஆர்ச்பிஷப் மாதிரி வேடமிட்டு ஒருவனை அனுப்பும் திட்டம் இருந்தது உண்மை. ஆனால் சொவாஜின் முடிசூட்டு விழாவில் நின்றது நிஜ ஆர்ச்பிஷப். எல்லா இடத்திலும் துப்பு சரி, ஆள் தப்பு.

கார்த்தி அண்ணா: அட. ஆமாம்.

தேவி: ஆகவே முதல் படத்தில் நாம் அவனைப் பார்த்துச் சிரித்தாலும் உள்ளுக்குள் அவன் பக்கம்தான் இருக்கிறோம். உலகம் அவனை நம்பவில்லை, அவன் சொன்னது நிஜம். இது பார்ப்பவர்களுக்குச் சுகமான இடம். இரண்டாவது படம் அதை அப்படியே புரட்டிப் போடுகிறது. இங்கே சரியாகச் சொல்கிறவன் இங்கிலீஷின் புது உதவியாளன், சின்னப் பையன் டக்கர். அவர்கள் வேலை செய்யும் உளவுத்துறை எம்ஐ7-இல் எல்லோரும் கொண்டாடுகிற ஆம்ப்ரோஸ்தான் துரோகி என்று டக்கர் கண்டுபிடித்து, துப்பாக்கியோடு மடக்கி நிற்கிறான். இங்கிலீஷ் என்ன செய்கிறான்? டக்கரைத் திட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சதிகாரர்கள் தேடுகிற சாவியை ஆம்ப்ரோஸிடமே கொடுக்கிறான். முதல் படத்தில் பெகாசஸ் அவனுக்குச் செய்ததை, அவன் இங்கே தனக்குக் கீழே இருப்பவனுக்குச் செய்கிறான்.

சுந்தரம் பெரியப்பா: ம். மேலே சொல்லம்மா.

தேவி: அப்புறம் அவனே டக்கர் வீட்டு வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. முதல் படத்து இங்கிலீஷ் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டானா? ஏஜென்ட் ஒன் என்ற பெரிய உளவாளியின் இறுதிச் சடங்குக்குப் பாதுகாப்பு அவன் பொறுப்பு, அங்கே குண்டு வெடித்து மொத்த ஏஜென்டுகளும் போய்விட்டார்கள். அடுத்த காட்சியிலேயே நிமிர்ந்து நடக்கிறான். அது அந்தப் படத்தின் அழகு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவதில் மொசாம்பிக் என்று யாராவது சொன்னாலே அவன் கண் துடிக்கிறது. அங்கே அவன் காவலில் இருந்த அதிபர் கொல்லப்பட்டார், அந்த அவமானம் உடம்பில் தங்கியிருக்கிறது. அந்தத் துடிப்பைப் பார்த்துச் சிரிக்கிறோம், கூடவே பாவமாகவும் இருக்கிறது. ஒரு கோமாளிக்கு வெட்கம் என்று ஒன்றைக் கொடுத்தது பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

ரேவதி சித்தி: தேவி, இதையெல்லாம் எப்போது யோசித்தாய்? நான் அந்தக் கண் துடிப்பை வெறும் சேஷ்டை என்றுதான் நினைத்தேன்.

கார்த்தி அண்ணா: ஹாங்காங் துரத்தல் காட்சியை விட்டுவிட்டாயே. எனக்கு இரண்டு படத்திலும் சேர்த்து அதுதான் உச்சம்.

தேவி: எழுதுங்கள் அண்ணா, அது உங்களுக்குத்தான்.

கார்த்தி அண்ணா: 2006-இல் கேசினோ ராயலில் ஒருத்தன் கட்டுமானக் கிரேன் மேலெல்லாம் தாவி ஓடுவான், பாண்ட் பின்னாலேயே சுவரை உடைத்துக்கொண்டு ஓடுவார். இங்கே அதே மாதிரி ஒருத்தன் கம்பியில் தாவுகிறான், மதிலில் ஏறுகிறான், கூரையிலிருந்து குதிக்கிறான். இங்கிலீஷ் மூச்சு வாங்காமல் பின்னால் நடக்கிறான். அவன் மதிலைத் தாண்டினால் இவன் கேட்டைத் திறக்கிறான். அவன் உயரத்திலிருந்து தொங்கி இறங்கினால் இவன் லிஃப்டில் வருகிறான். கடைசியில் ஓடினவன் களைத்துப்போகிறான், இங்கிலீஷ் தலைமுடிகூடக் கலையவில்லை. திபெத் மடத்தில் துறவிகளிடம் கற்றுக்கொண்ட பாடம் இங்கே வேலை செய்கிறது. சிரிப்புக்கு அவன் தோற்க வேண்டும் என்ற அவசியமே இல்லை, ஜெயித்தும் சிரிக்க வைக்கிறான்.

நிலா: கதவ தொறந்து போவாரே அது சூப்பர்

சுந்தரம் பெரியப்பா: அந்தக் காட்சி நல்ல காட்சி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் வயதாகிறது, முழங்கால் சொல்கிற பேச்சைக் கேட்டு நடப்பவன் ஜெயிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் படத்திலும் துரத்தல் உண்டு. ஆஸ்டன் மார்ட்டின் காரை இழுவை லாரி தூக்கிவிடும், அது கிரேனில் தொங்கிக்கொண்டே திருடர்களைத் துரத்தும். லாரியை ஓட்டுவது பஃப்.

கார்த்தி அண்ணா: கார் என்றால் இரண்டாவதில் வரும் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் 16 சிலிண்டர் இஞ்சின். கடையில் வாங்க முடியாத, சோதனைக்காகச் செய்த இஞ்சின். அட்கின்சன் கார்ப் பைத்தியம், மின் பொறியியல் படித்தவரும்கூட. அந்த ஆசை திரையில் தெரிகிறது.

அம்மா: இரண்டாவதில் வரும் கொலைகாரக் கிழவியை மறந்துவிட்டீர்கள். துப்புரவுப் பெண் வேடத்தில் வருவாளே. அவள்தான் என்று நினைத்து இங்கிலீஷ் பெகாசஸின் அம்மாவைப் போட்டு அடிப்பான். நான் அன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

தேவி: அம்மா சொன்னதும் அதே கணக்குத்தான். கிழவி கொலைகாரி என்பது உண்மை, பிடித்தது வேறு ஆளை. கடைசியில் ராணியையே பிடித்துவிடுகிறான். ஒரு தவறை முதலில் நிறுவி, நடுவில் ஒரு முறை காட்டி, ராணி அவனுக்கு சர் பட்டம் கொடுக்கிற இடத்தில் பெரிதாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். முதல் படத்தின் நகைச்சுவைகள் தனித்தனிக் காட்சிகள். இரண்டாவதில் ஒன்று இன்னொன்றுக்கு வழி விடுகிறது.

சுந்தரம் பெரியப்பா: தனித்தனிக் காட்சியாக இருந்ததற்கும் காரணம் உண்டு. இந்தப் பாத்திரமே விளம்பரத்தில் பிறந்தது. 1990-களில் இங்கிலாந்தில் பார்க்ளேகார்ட் விளம்பரங்களில் அட்கின்சன் இதே மாதிரி தன்னை மெச்சிக்கொள்கிற உளவாளியாக வந்தார், அப்போது பெயர் லேத்தம். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய நகைச்சுவைக்குப் பழகிய ஆள். முதல் படம் அந்த ஒரு நிமிட வேகத்தை அப்படியே வைத்திருக்கிறது. குளியலறையில் தனியாக ஆடுவானே, அதை முடிசூட்டு விழாவில் எல்லோர் முன்னாலும் போட்டுவிடுவார்களே! அதற்குக் கதை தேவையே இல்லை.

கார்த்தி அண்ணா: வில்லன் விஷயத்திலும் பெரியப்பாவுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. ஜான் மால்கோவிச்சின் அந்தப் பிரெஞ்சு உச்சரிப்பு, இங்கிலாந்து முழுவதையும் ஒரே சிறைச்சாலையாக மாற்றும் திட்டம்! ரீபார்னில் டொமினிக் வெஸ்ட் அழகாக இருக்கிறார், அவ்வளவுதான். சீனப் பிரதமரைக் கொல்லும் சதியும் எந்த உளவுப் படத்திலும் வரக்கூடியது.

தேவி: அதை ஒத்துக்கொள்கிறேன். வில்லனில் முதல் படம்தான்.

ரேவதி சித்தி: வசூல் எதற்கு அதிகம்?

கார்த்தி அண்ணா: அதுதான் ஆச்சரியம் சித்தி. இரண்டுமே உலகம் முழுக்க ஏறக்குறைய 16 கோடி டாலர். எட்டு வருடம் கழித்து வந்தும் அதே அளவு.

சுந்தரம் பெரியப்பா: உலகமே நம் குழு மாதிரி சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது போல.

தேவி: பெரியப்பா, டக்கராக நடித்த டேனியல் கலூயாவுக்குப் பிறகு ஆஸ்கர் கிடைத்தது, 2021-இல். ரீபார்னில் அவருக்கு நகைச்சுவை வசனம் குறைவு. இங்கிலீஷ் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள். மரியாதை, சந்தேகம், ஏமாற்றம் மூன்றும் வந்து போகும். பஃப் ஒருநாளும் ஏமாறவில்லை, அவனுக்கு இங்கிலீஷ் என்றைக்கும் பெரிய ஆள்தான். டக்கர் நிஜமாகவே காயப்பட்டுத் திரும்பி வருகிறான். திரும்பி வந்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சுந்தரம் பெரியப்பா: நீ சொன்ன பிறகு அந்தப் பையனை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் பஃப்பை நான் விடமாட்டேன். 2018-இல் மூன்றாவது படத்துக்கு அவரைத் திரும்பக் கூட்டி வந்தார்களே, ஏன்? ரசிகர்களுக்கு அந்த இடம் காலியாகத் தெரிந்தது.

தேவி: அதில் நானும் உங்களோடு பெரியப்பா. பஃப் வந்ததும் எனக்கும் சந்தோஷம்தான்.

நிலா: மூணாவது படம் நான் பாக்கவே இல்ல

கார்த்தி அண்ணா: முதலில் ரீபார்னை முழுசாகப் பார் நிலா. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் டிவியை நிறுத்திவிடாதே. அதற்கப்புறம் இங்கிலீஷ் இசைக்கு ஏற்ற மாதிரி சமையல் செய்வான். நிறையப் பேர் அதைப் பார்க்காமலே எழுந்து போய்விடுகிறார்கள்.

ரேவதி சித்தி: ஐயோ, நானும் பார்த்ததில்லை. இன்றைக்கே போடுகிறேன்.

சுந்தரம் பெரியப்பா: ரேவதி, எத்தனை மணிக்கு என்று சொல். நானும் வருகிறேன்.