ஹன்டிங்டன் நோயை ஊருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

வடமராட்சியான்:
என் பெரியப்பாவுக்கு, மூளையைப் படிப்படியாகப் பாதிக்கும் ஹன்டிங்டன் நோய் என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகி இரண்டு வருடங்களாகின்றன. அவர் தள்ளாடி நடப்பதையும் கைகால்கள் தம்பாட்டில் வெட்டி இழுப்பதையும் காணும் சந்தைச் சனம் அவரைக் குடிகாரர் என்றே நினைக்கிறது. கள்ளைத் தொட்டே அறியாத மனிதர் அவர். போன கிழமை பேருந்து நடத்துநர் ஒருவர் அவரைப் பாதிவழியில் இறக்கிவிட்டார். சனசமூக நிலையத்தில் ஒரு விளக்கக் கூட்டம் வைக்க எண்ணியிருக்கிறேன். ஆனால், பெரியப்பாவின் பெண்பிள்ளைகள் இருவருக்கும் கலியாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் ‘பரம்பரை வருத்தம்’ என்று மேடையில் எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, பரம்பரை என்பதை மறைத்தால் கூட்டத்தால் பயனில்லை. அரைகுறையாகச் சொன்னால்தான் ஊர் ‘ஏழு தலைமுறைச் சாபம்’ என்று கதைகட்டும். நான்காம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோம்) ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. மச்சான் மச்சாள் கலியாணத்தால் வந்ததென்பது பிழை. அந்த மாற்றம் கடத்தப்படாத பிள்ளையின் வழியில் பேரப்பிள்ளைகளுக்கு அது போகாது. 1872இல் இந்நோயை விவரித்த ஜோர்ஜ் ஹன்டிங்டனே, அங்கே இழை அறுந்துவிடுகிறது என்ற கருத்தை எழுதியிருக்கிறார்.

கரவெட்டி வாசகர்:
அக்கா சொல்வது சரி, ஆனால் பெரியப்பாவை இறக்கிவிட்ட நடத்துநர் உங்கள் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. நோயின் பெயரையும், நடையும் பேச்சும் ஏன் தடுமாறுகின்றன என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய சிறிய அட்டையொன்றை அவருடைய சட்டைப்பையில் வையுங்கள். கூட்டத்தில் நோயைப் பற்றிப் பேசுங்கள், வீட்டைப் பற்றி வேண்டாம். பிள்ளைகள் பரிசோதிப்பதா இல்லையா என்பது அவர்களே, அதுவும் மரபியல் ஆலோசனை பெற்ற பின், எடுக்க வேண்டிய முடிவு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்பதற்காகச் செய்விக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற தாதி:
ஒன்றை விட்டுவிட்டேன். விழுங்குவது சிரமமாகும்போது உதிரிப் புட்டு தொண்டையில் சிக்கும். குழம்பு விட்டு நன்றாகக் குழைத்து, நிமிர்ந்து இருக்கச் செய்து, அவசரப்படுத்தாமல் கொடுங்கள். இருமினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். உடல் மெலியும், ஆகவே சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

வடமராட்சியான்:
நன்றி. தங்கச்சிமாரோடு கதைத்தேன். அட்டையைத் தானே எழுதுவதாக மூத்தவள் சொல்லிவிட்டாள். முதல் வரி, ‘அப்பா குடிப்பதில்லை’.